கருடனுக்கு எலும்பில்லாத இறைச்சி

கொட்டாஞ்சேனையில் வளர்க்கப்பட்ட ஒரு செம்பருந்துக் குஞ்சு பற்றிய நிகழ்வு ஆய்வு

அந்தக் குஞ்சு சென்ற ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில் இறந்தது. கால் எலும்புகள் இரண்டும் சிறகெலும்பு ஒன்றும் மடிந்து முறிந்திருந்தன. யாரும் அதைச் சுடவில்லை, கல்லால் அடிக்கவில்லை, நஞ்சு வைக்கவில்லை. கூட்டிலிருந்து சாவு வரைக்கும் அது நான்கு கைகள் மாறியது. அந்த நான்கில் முதல் கை என்னுடையது, நான் அதை ஒருபோதும் தொட்டதில்லை என்றாலும்.

சட்டவிரோத வேட்டை என்றதும் நம் மனதில் காடும் துப்பாக்கியும் வந்து நிற்கின்றன. கொழும்பில் அது அப்படி நடப்பதில்லை. தொலைபேசியிலும் மாடிப்படியிலும் பக்கத்து வீட்டு அன்பிலும் நடக்கிறது. அதனால்தான் இந்த ஒரு பறவையின் கதையை, எனக்குத் தெரிந்த அளவில், தொடக்கத்திலிருந்து எழுதி வைக்கிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களையோ கடையின் பெயரையோ மரம் நிற்கும் வீதியையோ எழுதப்போவதில்லை. மரத்தை ஏன் மறைக்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

கூடு

களனி கங்கை கடலில் சேரும் முகத்துவாரத்தில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குச் செம்பருந்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. படகுகள் கரை திரும்பும் நேரத்தில் தலைக்கு மேலே வட்டமிடும். தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். மீன் குடலை நீரில் வீசினால் சரிந்து இறங்கி, உடல் நனையாமல் காலால் அள்ளிக்கொண்டு, பறந்தபடியே தின்னும். சிறகை விரித்தால் நாலடி அளவு இருக்கும். எடையோ அரைக் கிலோவை ஒட்டித்தான். கோயிலுக்குப் போகிற நம் சனம் அதைக் கருடன் என்கிறது. மற்ற நேரங்களில் வெறும் பருந்து.

ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. உலகில் முதன்முதலாக அந்தப் பெயரைப் பெற்ற 18 நகரங்களில் இதுவும் ஒன்று. சதுப்பு, கால்வாய், ஆற்றுமுகம், பேரை வாவி என்று இந்த நகரத்துக்குள் தண்ணீர் இன்னும் உயிரோடு இருப்பதால்தான் பருந்தும் இருக்கிறது. வல்லூறு இருக்கிறது, ஆந்தைகள் இருக்கின்றன, கடற்கழுகும் அவ்வப்போது கரையோரமாகக் கடந்து போகிறது. ஆற்றின் சற்று மேலே பேலியகொட மீன் சந்தை. அங்கிருந்தும் செம்பருந்துகளுக்கு இரை கிடைக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஓர் உயரமான மாரா மரத்தில் ஒரு சோடி டிசம்பர் மாதம் சுள்ளி சுமக்கத் தொடங்கியது. சுள்ளியோடு சாக்குக் கந்தல், மீன்வலைத் துண்டு, ஒரு குழந்தையின் காலுறை எல்லாம் கூட்டுக்குப் போயின. சனவரி தொடக்கத்தில் பெண் பறவை அடைகாக்க உட்கார்ந்தது. செம்பருந்து ஒரு தடவையில் இடுவது வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு முட்டை. நான்கு வாரத்துக்குச் சற்றுக் குறைவாக அடைகாக்கும். பொரித்த குஞ்சு பறக்க ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதாவது, ஒரு வருடம் முழுவதும் அந்தச் சோடி பட்ட பாட்டுக்கு விளைவு ஒரு குஞ்சு, நல்ல வருடமாயிருந்தால் இரண்டு. கோழியைப் போலவோ கிளியைப் போலவோ கணக்குப் பார்க்க முடியாது. வானத்தில் எப்போதும் தெரிகிறது என்பதற்காக அது மலிந்து கிடப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நாம் பார்ப்பது பல வருடங்களாக உயிரோடு இருக்கும் அதே சில பறவைகளைத்தான்.

பெப்ரவரி நடுவில் கூட்டின் விளிம்புக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தன. நண்பரின் வீட்டுப் பலகணியிலிருந்து நீண்ட வில்லையை வைத்துப் படம் எடுத்தேன். தாய் மீன் துண்டைக் கிழித்து ஊட்டுகிற படம். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அதுதான். அன்று இரவே முகநூலில் இடத்தின் பெயரோடு போட்டேன். பலர் பாராட்டினார்கள். ஒருவர் எந்த மரம் என்று கேட்டார். வழி சொன்னேன்.

பத்து நாட்களுக்குப் பிறகு கூடு வெறுமையாக இருந்தது. பெரிய பறவைகள் இரண்டும் மரத்துக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின. காகம் தூக்கியிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஏறியவன்

கூட்டை எடுத்தவனை நான் கண்டுபிடித்தது எல்லாம் முடிந்த பிறகு, மே மாதத்தில். இறங்குதுறையில் வலை பின்னும் பெரியவர் ஒருவர் கை காட்டினார். பக்கத்துத் தோட்டத்துப் பையன், பதினேழு வயது. கேட்டதும் மறைக்காமல் சொன்னான். அவனுடைய கைத்தொலைபேசியின் திரை உடைந்திருந்தது. மாற்றப் பணம் இல்லை. கடைக்காரர் ஒருவர் கருடன் குஞ்சு கிடைத்தால் வாங்கிக்கொள்வதாக முன்பே சொல்லி வைத்திருந்தார்.

“கூடு இருப்பது தெரியும் அண்ணா. குஞ்சு வந்துவிட்டது என்று உங்கள் படத்தில்தான் பார்த்தேன்” என்றான்.

அவன் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னான். மாலை மங்கும் நேரத்தில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறான். தாய்ப் பறவை பாய்ந்து அவன் காதைக் கிழித்த தழும்பைக் காட்டினான். இரண்டு குஞ்சுகளையும் எடுத்தான். ஒன்றை விட்டுவிடலாமே என்று தோன்றவில்லையா என்று கேட்டேன். தனியாக விட்டால் பாவம் என்று நினைத்தானாம்.

பறவைகளைப் படம் எடுக்கிறவர்களிடம் ஒரு பழைய ஒழுங்கு இருக்கிறது: முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டின் இடத்தை வெளியில் சொல்லாதே, முடிந்தால் கூட்டுக்குக் கிட்டவே போகாதே. அதை நான் அறியாமல் இல்லை. யானைத் தந்தத்துக்கும் வேங்கைத் தோலுக்கும் உரிய எச்சரிக்கை என் தெருவின் பருந்துக்குத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு கூட்டைத் திருட மரம் ஏறத் தெரிந்தவன் எப்போதும் கிடைப்பான். அவனுக்குத் தேவைப்படுவது நாள் கணக்கு, குஞ்சு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்ற தகவல். அதை நான் படமாகவே கொடுத்தேன்.

கடை

கடையைப் பற்றி அதிகம் எழுத என்னிடம் இல்லை. முன்பக்கத்தில் லவ் பேர்ட்ஸ், புறா, மீன் தொட்டி. செம்பருந்துக் குஞ்சு அந்த வாசலில் ஒரு நாளும் தொங்கவிடப்படவில்லை. படம் வட்ஸ்அப்பில் போனது, விலை தொலைபேசியில் பேசப்பட்டது, பறவை முச்சக்கர வண்டியில் காலணிப் பெட்டிக்குள் போனது. பற்றுச்சீட்டு கிடையாது. இந்த வியாபாரத்தில் சரக்கைக் கையில் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்கிறவரையும் ஏறுகிறவனையும் தெரிந்திருந்தால் போதும். பின்னால் சோதனைக்கு யார் வந்தாலும் அங்கே கிடைப்பவை லவ் பேர்ட்ஸ்தான்.

மாடி

மார்ச் இரண்டாம் வாரம் அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு வீடு தள்ளி மொட்டைமாடியில் ஏதோ பூனைக்குட்டி அகப்பட்டுக்கொண்டது போல மூக்கால் இழுத்த அழுகை. செம்பருந்தின் குரல் அப்படித்தான் இருக்கும். மாடிக்குப் போனேன்.

அந்த வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நான் அண்ணன் என்று அழைப்பவர். என் அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் அவருடைய மனைவிதான் மதியச் சோறு கொண்டுவந்து கொடுத்தார். மாடியில் நிழலான மூலையில் புதுப் பலகையில் ஒரு மேடை செய்திருந்தார். அதன் மேல் கபில நிறத்தில், பெரிய கண்ணோடு, அந்தக் குஞ்சு. ஒரு காலில் நைலோன் கயிறு.

“தம்பி, கருடன்” என்றார். குரல் தழுதழுத்தது.

சில வருடங்களுக்கு முன் அவர் சென்ற ஒரு கும்பாபிஷேகத்தில் குடத்து நீர் கலசத்தில் விழுந்த அந்த நேரத்தில் மேலே கருடன் வட்டமிட்டதாம். ஆயிரம் கைகள் தலைக்கு மேல் குவிந்தன. அவருக்குப் பக்கத்தில் நின்ற மனைவி அழுதுவிட்டார். அந்தக் காட்சி அவரை விடவில்லை. கடைக்காரர் படத்தை அனுப்பியபோது, மகளுக்குத் தீபாவளிச் சேலை எடுப்பதற்கென்று ஒதுக்கிய பணத்தைக் கொடுத்து வாங்கினார். இப்போது கபிலமாக இருக்கிறது, மார்பு வெள்ளையாக மாற எவ்வளவு நாளாகும் என்று என்னைக் கேட்டார். இரண்டு மூன்று வருடமாகும் என்றேன். காத்திருப்பேன் என்றார்.

இப்படிப்பட்ட மனிதரை வேட்டைக்காரர் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்துப் போனார்கள். வயதான அம்மா ஒருவர் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

எலும்பு

இந்த ஆய்வில் நான் அதிகம் யோசித்த பகுதி இதுதான்.

அண்ணன் அந்தக் குஞ்சுக்குத் தினமும் கோழி நெஞ்சிறைச்சி கொடுத்தார். தோலை உரித்து, கொழுப்பை வழித்து, எலும்பை ஒன்றுவிடாமல் எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, கையாலேயே ஊட்டினார். மீன் கொடுத்தாலும் முள்ளைப் பிரித்தெடுத்தார். தொண்டையில் குத்திவிடும் என்ற பயம். பேரப்பிள்ளைக்குச் செய்வதை அப்படியே செய்தார்.

கூட்டில் தாய் ஊட்டியது அதுவல்ல. மீனைத் தலையோடு, முள்ளோடு, செதிலோடு கிழித்துக் கொடுத்தது. நண்டென்றால் ஓட்டோடு. பருந்தினத்தின் இரைப்பை அமிலம் எலும்பையே கரைத்துவிடும் அளவுக்குக் கடுமையானது. ஆந்தை எலும்பை உருண்டையாகத் திருப்பிக் கக்கிவிடும். பருந்து அதைச் செரித்துவிடும். வேகமாக வளரும் குஞ்சுக்கு வேண்டிய கல்சியம் அந்த எலும்பிலிருந்துதான் கிடைக்கிறது. வெறும் சதையில் கல்சியம் மிகச் சொற்பம். பாஸ்பரசோ அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அந்தச் சமநிலை கெட்டால், இரத்தத்தில் குறைகிற கல்சியத்தை ஈடுகட்ட உடல் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். குஞ்சு தின்னத் தின்ன வளர்கிறது, எடை கூடுகிறது, பார்ப்பவருக்குக் கொழுகொழுவென்றிருக்கிறது. உள்ளே எலும்பு காகிதமாகிறது. அந்த எலும்பின் மேல் எடை ஏறுகிறது.

மேடை நிழலில் இருந்தது இன்னொரு கேடு. வெயில் படாவிட்டால் வைட்டமின் டி போதாது. அது போதாவிட்டால் கிடைக்கிற கொஞ்சக் கல்சியத்தையும் உடல் ஏற்காது. பாவம் வெயில் சுடும் என்று சாக்கால் கூரை போட்டிருந்தார்.

மார்ச் கடைசியில் கால்கள் உள்நோக்கி வளைந்திருந்ததைக் கவனித்தேன். குஞ்சு நிற்பதை விட்டுக் கணுக்காலில் குந்தியிருந்தது. கழுத்தெலும்போடு நறுக்கிக் கொடுங்கள், காலை வெயிலில் வையுங்கள் என்று சொன்னேன். உடனே செய்தார். அவர் செய்யாமல் விட்டது எதுவுமில்லை. ஆனால் எலும்பு இறுகுகிற வாரங்கள் கடந்துபோயிருந்தன.

எலும்பைத் தவிர இன்னொன்றும் நடந்திருந்தது. பருந்துக் குஞ்சு முதல் வாரங்களில் தனக்கு ஊட்டுகிற முகத்தைத் தன் இனமாகப் பதித்துக்கொள்கிறது. மூன்று வாரத்தில் கூட்டிலிருந்து பிரிந்த இந்தக் குஞ்சு, தலைக்கு மேலே செம்பருந்து பறந்தால் ஏறிட்டும் பார்க்காது. அண்ணனின் காலடி படியில் கேட்டால் சிறகை நடுக்கி வாய் பிளந்து கத்தும். அன்பு என்று அவர் நினைத்தது அதைத்தான். அப்படிப் பதிந்த பறவையைச் சுகப்படுத்தினாலும் காட்டில் விட முடியாது. அதற்கு இரை தேடத் தெரியாது, இணை தேடத் தெரியாது, மனிதனைக் கண்டால் ஓடத் தெரியாது. கூட்டைவிட்டு எடுத்த அந்த மாலையிலேயே அந்தக் குஞ்சு வானத்தை இழந்துவிட்டது. பிறகு நடந்தவை அதன் நீட்சி.

ஐந்து வாரம்

இரண்டாவது பிழையும் என்னுடையது. மார்ச் இரண்டாம் வாரம் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை, எல்லாம் தெரிந்தும் நான் யாருக்கும் சொல்லவில்லை.

சோறு கொடுத்த வீட்டைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணமும் உண்டு. எங்கள் பகுதிகளில் இதை யாரும் வெளியே பேசுவதில்லை. சீருடை போட்ட யாராவது ஒழுங்கைக்குள் வருவதற்கு நாம் காரணமாகிவிடக் கூடாது என்ற பயம் கொழும்புத் தமிழருக்கு எலும்பில் ஊறியது. யுத்த காலத்தில் நள்ளிரவில் கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்ட சுற்றிவளைப்புகளைப் பார்த்த தலைமுறை இன்னும் அதே வீடுகளில்தான் வாழ்கிறது. ஒரு பறவைக்காக அந்தக் கதவை மறுபடி தட்ட வைப்பதா? அதோடு சிங்களத்தில் விளக்கிச் சொல்ல வேண்டும், வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற தயக்கம். இவை நியாயமான பயங்கள். ஆனால் அந்தப் பயத்தின் விலையை வேறொரு உயிர் கட்டியது.

சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே அந்தக் குஞ்சு முகத்துவாரத்தின் மேல் பறந்திருக்க வேண்டும். புத்தாண்டுக்கு மறுநாள் இரவு அண்ணன் என் கதவைத் தட்டினார். மேடையிலிருந்து தவறி விழுந்துவிட்டதாம். இரண்டடி உயரம்கூட இல்லை. ஒரு கால் பக்கவாட்டில் மடிந்து கிடந்தது.

“யாரையாவது கூப்பிடு தம்பி. என்னைப் பிடித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை” என்றார்.

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. அழைத்தேன். சிங்களத்தில் தடுமாறினேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார், முகவரியை இரண்டு தடவை சரிபார்த்தார். அதுவரை குஞ்சைக் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டில், அசையாமல் வைக்கச் சொன்னார். தண்ணீரோ உணவோ வாயில் திணிக்க வேண்டாம் என்றார். காலையில் இருவர் வந்தார்கள். நான் ஐந்து வாரமாகப் பயந்த அந்த வருகை இருபது நிமிடத்தில் முடிந்தது. சத்தம் போடவில்லை, அவமானப்படுத்தவில்லை. பறவையைப் பார்த்ததும் அவர்களில் மூத்தவரின் முகம் வாடியது. அதற்குமுன் இப்படிப் பல கால்களைப் பார்த்திருக்கிறார் என்று விளங்கியது.

ஊடுகதிர்ப் படத்தை மிருக வைத்தியர் எனக்கும் காட்டினார். நல்ல எலும்பு வெள்ளைவெளேரென்று தெரியும். இதில் எலும்பும் சதையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். முறிவுகள் குச்சி ஒடிந்தது போல இல்லை, ஈரக் காகிதம் மடிந்தது போல இருந்தன. சில பழையவை, அதாவது குஞ்சு பல நாட்களாக முறிந்த எலும்போடுதான் வாய் பிளந்து கத்தியிருக்கிறது. கல்சியம் ஏற்றினார்கள், காலைக் கட்டினார்கள். பத்து நாட்களில் சிறகும் மடிந்தது. வலியில் வைத்திருக்க நியாயமில்லை என்று வைத்தியர் முடிவெடுத்தார். கடைசி ஊசிக்கு அவர் குனிந்தபோதும், முகத்தைக் கண்டதும் குஞ்சு உணவு கேட்டு வாய் திறந்தது.

சட்டம் சொல்வது

விசாரணையில் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். மயில், மலைமொங்கான் போன்றவைதானே பாதுகாக்கப்பட்ட பறவைகள், ஊரெல்லாம் பறக்கும் பருந்து எப்படி? பலருக்கும் இதே எண்ணம்தான்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பறவைகள் விடயத்தில் எதிர்த்திசையில் எழுதப்பட்டிருக்கிறது. பாதுகாக்கப்பட்டவற்றின் பட்டியலைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. விலக்களிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர நாட்டின் காட்டுப் பறவைகள் அனைத்தும் பாதுகாப்புக்குரியவை. செம்பருந்து, வல்லூறு, கழுகு, ஆந்தை எல்லாம் அதற்குள் அடக்கம். கொல்வது மட்டும் குற்றமல்ல; பிடிப்பதும், உடைமையில் வைத்திருப்பதும், விற்பதும், முட்டையையோ கூட்டையோ எடுப்பதும் குற்றம். சட்டம் பல தடவை திருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையில் இலங்கை 1979இல் இணைந்தது. செம்பருந்து, வர்த்தகம் கட்டுப்படுத்தப்பட்ட இனங்களுக்கான அதன் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் தீவுக்கு வரும் பைரி என்ற வல்லூறு, இன்னும் கடுமையான முதலாம் பின்னிணைப்பில். வேட்டைக்குப் பழக்கும் பறவைகளுக்கு வளைகுடாவில் நல்ல விலை உண்டு என்பதால் பைரி உலகெங்கும் தேடப்படுகிறது.

வதைக்கென்று தனியாக ஒரு சட்டமும் உண்டு, 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம். நூறு ரூபாத் தண்டத்தோடு எழுதப்பட்ட சட்டம் அது. அந்தக் காலத்து நூறு ரூபாவுக்குக் கனம் இருந்திருக்கும்.

அண்ணன் நீதவான் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். சட்டப்படி அது சரி. ஆனால் சங்கிலியில் கடைசியாக நின்றவர், உண்மை சொன்னவர், தானே உதவி கேட்டவர் மட்டுமே தண்டிக்கப்பட்டார். கடையில் எதுவும் அகப்படவில்லை. பையனைப் பற்றி நான் அறிந்தபோது வழக்கு முடிந்திருந்தது. எனக்கு எந்தச் சட்டமும் எதுவும் சொல்லவில்லை. படம் போடுவது குற்றமில்லை.

சட்டம் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. கடைசிக் கையைப் பிடித்தால் அடுத்த பெப்ரவரியில் இன்னொரு கை நீளும் என்பதே என் கவலை. 2012இல் இந்தியாவின் நாகாலாந்தில் தொயாங் நீர்த்தேக்கத்தருகே, ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் தங்கிய அமூர் வல்லூறுகளைப் பல்லாயிரக்கணக்கில் வலை போட்டுப் பிடித்துக் கொன்றார்கள். படங்கள் வெளிவந்து உலகமே அதிர்ந்தது. அடுத்த வருடமே அந்தக் கொலை நின்றது. அரசின் சட்டம் முன்பும் இருந்தது. வலை போட்ட அதே ஊர்களின் சபைகள் இனிப் பிடிப்பதில்லை என்று தீர்மானித்ததுதான் புதிது. முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் ஊர்ச்சபை கிடையாது. கோயில் இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, மீனவர் சங்கம் இருக்கிறது. கும்பாபிஷேகத்தில் வானத்தைப் பார்க்கச் சொல்கிற ஒலிபெருக்கியில், கருடனை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று குருக்கள் ஒரு வரி சொன்னால் அண்ணனைப் போன்றவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நான் ஒரு கோயிலில் இதைக் கேட்டேன். அடுத்த திருவிழாவில் சொல்வதாகக் குருக்கள் ஒப்புக்கொண்டார்.

படத்தை அழித்துவிட்டேன். இப்போது கூட்டுப் படம் எதையும் குஞ்சு பறந்து போகும் வரை வெளியிடுவதில்லை. வெளியிட்டாலும் மாவட்டப் பெயரைத் தவிர எதுவும் எழுதுவதில்லை. எந்த மரம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதில்லை. அது அவர்களைச் சந்தேகிப்பது போலத் தோன்றினால் தோன்றட்டும்.

கடந்த டிசம்பரில் அந்தச் சோடி அதே மரத்துக்கு மறுபடி சுள்ளி சுமந்தது. அண்ணனை ஒரு மாலை அழைத்துப் போனேன். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இரண்டு குஞ்சு என்றாயே, மற்றது எங்கே?” என்று கேட்டார்.

அதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. பையன் இரண்டையும் கடைக்குக் கொடுத்தான். ஒன்று எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. மற்றது கொழும்பில் ஏதோ ஒரு மாடியில் இருக்கலாம். உயிரோடு இருந்தால் அதன் தலை இப்போது வெளுக்கத் தொடங்கியிருக்கும்.

அதை வைத்திருக்கிறவர் இதை வாசிக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே கோழிக் கழுத்தை எலும்போடு நசுக்கிக் கொடுங்கள். முழு மீனைக் கொடுங்கள். காலில் கட்டிய கயிற்றை அவிழ்த்து, காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். பரிதாபப்பட்டு மாடியிலிருந்து நீங்களே பறக்கவிட வேண்டாம். அதற்கு இரை தேடத் தெரியாது, காகங்கள் கொத்தியே கொன்றுவிடும். 1992 என்ற இலக்கத்தை அழையுங்கள். சிங்களம் வராவிட்டால் மெதுவாகப் பேசுங்கள், கேட்பார்கள்.